சேராங்கொட்டைக் குறி

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் மூடுபனி. எட்டு மணி வரை எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. நல்ல தண்ணீர் வந்தது. இரண்டு குடம், ஒரு டிரம். பிரஷர் மாத்திரை நாளையோடு தீர்கிறது.

பள்ளியில் இருந்த காலத்தில் தமிழம்மா ஒருநாள் கேட்டார்: "இந்தக் கத்தல்ல அப்படி என்னங்க டீச்சர் இருக்குது?" ஆசிரியர் அறையில் என் கைப்பேசி தானாகப் பாடிவிட்டது, ஹேமர்வெல் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் பாட்டு, முழுச் சத்தத்தில். சிரித்து மழுப்பிவிட்டேன். அறிவியல் டீச்சரான நான் ஒரு கேள்விக்கு உதாரணம் இல்லாமல் நின்றது அன்று ஒரு நாள்தான். பிறகு உதாரணம் கிடைத்தபோது அவர் மாற்றலாகிப் போயிருந்தார். இங்கே எழுதி வைக்கிறேன்: பனியன் கம்பெனிக்குள் முதல் நாள் நுழைகிறவருக்கு நாற்பது மெஷினும் சேர்ந்து ஒரே இரைச்சல். பத்தாம் நாள் அதே ஆள் கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது வரிசையில் ஒரு ஊசி மழுங்கிவிட்டது என்று சொல்வார். ஹெவி மெட்டலும் அப்படித்தான். பத்து நாள் பொறுக்க வேண்டும்.

என்னைப் பொறுக்க வைத்தவர் அருள். கல்யாணமான புதிதில் வீட்டில் ஒரே டேப் ரிக்கார்டர், ஒரே கேசட். எனக்கு வேறு வழியில்லை. முதல் வாரம் தலைவலி. மூன்றாம் வாரம் அவருக்கு முன்னால் நான் போய் பட்டனை அழுத்தினேன். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. இன்னும் கேட்கிறேன்.

அந்தக் கேள்வி இன்று நினைவு வந்ததற்குக் காரணம், இன்று வந்த வேறொரு கேள்வி. இணையத்தில் ஹேமர்வெல் (ஹே.வெ.) ரசிகர் குழு ஒன்றில் பல வருடமாக இருக்கிறேன். எந்தப் பாட்டு எந்தச் சுற்றுப்பயணத்தில் முதலில் பாடப்பட்டது என்று சண்டை வந்தால், "இந்தியா டீச்சரைக் கேளுங்கள்" என்பார்கள். (பெருமைதான். மறுக்கவில்லை.) அங்கே நிக்லாஸ் என்று ஒருவர். பனி பெய்யும் நாட்டில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். எழுதியிருக்கிறார்: எண்பதுகளின் சுற்றுப்பயணச் சட்டை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வெள்ளை உடம்பு, கறுப்புக் கை, நெஞ்சில் சம்மட்டிப் படம். கழுத்தின் உள்ளே "கண்" இருக்கிறது. கண் இருந்தால் அது இசைக்குழுவின் சாமான் தூக்கிய ஆட்களுக்கு மட்டும் கொடுத்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் உண்மை என்று சொன்னால் என் பேஸ் கிட்டாரை விற்று வாங்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வரைதான் கெடு.

பதினாறு வயதிலிருந்து அவர் வாசிக்கும் கிட்டார். இரண்டு முறை எனக்குப் படம் அனுப்பியிருக்கிறார். இனி இப்படி ஒன்று வாங்க முடியாது என்றும் எழுதியிருக்கிறார்.

கூடவே கழுத்தின் படம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வட்டம். உள்ளே இரண்டு புள்ளி. கீழே ஒரு வால்.

கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. அருள் கோவையில் விடுதியில் தங்கிப் படித்தபோது சலவைக்காரர் போட்ட குறி. வட்டம் என்றால் விடுதி. இரண்டு புள்ளி இரண்டாம் மாடி. வால் வலது கோடி அறை. சேராங்கொட்டைப் பாலைத் தொட்டுப் போடும் குறி, எத்தனை துவைத்தாலும் போகாது. அந்தப் பால் பட்டு அருளுக்குப் பிடரியில் கொப்புளம் வந்து ஒரு மாதம் கழுத்தைத் திருப்பாமல் நடந்தாராம்.

இதே சுற்றுப்பயணச் சட்டை அருளிடமும் இருந்தது, கப்பலில் வேலை பார்த்த அவர் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தது. விடுதிக் குறி உள்ள ஹே.வெ. சட்டை அது ஒன்றுதான், அது என் பீரோவில் இருக்கிறது. அப்படியானால் அந்த நாட்டில் இருப்பது என்ன?

பிப். 10, செவ்வாய்

மாத்திரை வாங்கியாயிற்று. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

பீரோவைத் திறந்து சட்டையை எடுத்தேன். போன வருடம் மூர்த்தி திருப்பிக் கொடுத்த பாலிதீன் கவரிலேயே இருந்தது. ஒட்டிய டேப்பைக்கூட நான் பிரிக்கவில்லை. பிரித்தால் அழுவேன் என்று பயம்.

மூர்த்தி என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். அனுப்பர்பாளையத்தில் பிரிண்டிங், பினிஷிங் பட்டறை வைத்திருக்கிறான். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவருக்குப் பழைய துணி எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும், சாருடைய பனியனை இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டான். கொடுத்ததோடு நின்றேனா? உட்கார வைத்து காபி கொடுத்து, ஒவ்வொரு கறைக்கும் பாடம் எடுத்தேன். இது டீ சிந்தியது. இது மின்சார ஆபீஸில் வெல்டிங் பொறி பட்ட ஓட்டை. இது கழுத்துக் குறி, சேராங்கொட்டை. மூர்த்தி கைப்பேசியில் குறித்துக்கொண்டான். வகுப்பில்கூட அவன் அப்படிக் குறிப்பெடுத்ததில்லை.

கவரைப் பிரித்தேன். முதலில் வாசனை. அருள் வாசனை இல்லை, ஏதோ ஷாம்பூ வாசனை. சரி, துவைத்துவிட்டார்கள். விரித்தேன்.

முதுகில் வட்டமாக ஓட்டை. சின்ன ஊத்தப்பம் அளவு. காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் சுத்தமான விளிம்பு. ஓட்டை உள்ளே போகும்படி மடித்து, அயர்ன் செய்து, கவரில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த வட்டம் எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கு நானே காட்டியிருக்கிறேன், மூர்த்தியிடம் கருவியை இரவல் வாங்கிப் போய். துணியின் மேல் வைத்து அழுத்தித் திருகினால் ஒரு வட்டம் வெட்டுப்படும். அதை எடை போட்டு நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பாடம்.

சாப்பாடு இறங்கவில்லை. ரசம் மட்டும்.

பிப். 11, புதன்

பட்டறைக்குப் போனேன். ஆட்டோக்காரர் அவிநாசி ரோடு வேலை நடக்கிறது என்று சுற்றிக்கொண்டு போனார்.

வாசலிலேயே பாண்டியம்மாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு, எனக்கு நன்றாகத் தெரிந்தவள். முன்னால் ஆள் உயரத்துக்கு வெள்ளை பனியன் அடுக்கு. கையில் செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரே டப்பா, உள்ளே டீ டிகாஷன். ஒவ்வொரு பனியனாக எடுத்து அக்குளில் இரண்டு அடி, கழுத்தில் ஒரு அடி. நாற்பது வருட வியர்வை, ஒரு நொடியில். பக்கத்தில் இன்னொருத்தி மடிப்போரத்தை உப்புத்தாளில் தேய்த்துப் பிசிறாக்குகிறாள். அடுத்த மேஜையில் பொறி பட்ட ஓட்டைகள். ஒரு அட்டையில் இடம் குறித்து வைத்து ஊதுபத்தியால் சுடுகிறார்கள். அருளின் ஓட்டைகள், அதே இடத்தில். எண்ணினேன், ஏழு. சரியாக இருந்தது.

பாண்டியம்மாள் என்னைப் பார்த்து, "எங்க ஊர்ல அழுக்க எடுக்கத்தான் கூலி குடுப்பாக டீச்சரம்மா. இங்க அழுக்காக்கறதுக்குக் குடுக்காக" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கடைசி மேஜையில் மையை இழுத்து அச்சடிக்கும் ஸ்கிரீன் ஒன்று, உள்ளங்கை அளவு. வட்டம், இரண்டு புள்ளி, வால். ஒரு இழு. அடுத்த பனியன். ஒரு இழு.

மூர்த்தி கேபினுக்குள் கூட்டிப்போய் விசிறியைத் திருப்பி வைத்தான். நான் கவரை மேஜைமேல் வைத்துச் சட்டையை விரித்துக் காட்டினேன். அவன் சட்டையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். சாம்பிள் வந்தால் முதல் வேலையாக எடைக்கு வெட்டுவது பழக்கம் என்றான். இது டீச்சருடையது, வெட்டாதே என்று சீட்டு எழுதி ஒட்டுவதற்குள் வெட்டிவிட்டார்கள். என்னிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லையாம்.

"அந்த வட்டம் எங்கே?"

"ஃபைல்ல இருக்குதுங்க."

கொண்டுவந்தான். அட்டையில் ஊசி போட்டுக் குத்தியிருந்தது. பக்கத்தில் எடை, தேதி, ஒருவரின் சுருக்கக் கையெழுத்து. ஊசியைப் பிடுங்கி வட்டத்தை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

வெளிநாட்டில் நடப்பதைச் சொன்னேன். நிக்லாஸைப் பற்றிச் சொன்னேன். மூர்த்தி மெதுவாகத்தான் பேசினான். "நாங்க பழசுன்னு சொல்லி விக்கலீங்க டீச்சர். பழசு மாதிரின்னுதான் பில்லுல போடறோம். வாங்கற ஆளு அங்க போய் என்ன பேசறாருன்னு நம்ம கையில இல்லீங்க."

"குறியை ஏன் போட்டாய்?"

"சாம்பிள்ல இருந்துச்சுங்க. இருக்கறத அப்படியே அடிக்கோணும்னு பையர் சொன்னாரு."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிச்சல். துணியில் இருந்த எல்லாவற்றையும் அளந்து எடுத்திருக்கிறார்கள். அது யாருடைய சட்டை என்பது மட்டும் அவர்கள் அளவில் வரவில்லை.

பிப். 12, வியாழன்

கொத்தமல்லி மலிவு. கட்டு வாங்கிச் சட்னி. முட்டிவலி பரவாயில்லை.

குழுவில் பழைய பேச்சுகளைப் பின்னோக்கித் தேடினேன். "கண்" எப்படி ஆரம்பித்தது என்று பார்க்க. பார்த்திருக்க வேண்டாம்.

போன ஆடி மாதம் ஒருவர் முதன்முதலாக அந்தச் சட்டையின் படம் போட்டிருக்கிறார், முன்பக்கம் மட்டும். உண்மையா என்று கேட்டிருக்கிறார். முதல் பதில் என்னுடையது. "உண்மையானதுதான். கை மடிப்பில் அந்தக் காலத்து ஒற்றைத் தையல் பாருங்கள், நெஞ்சுப் படத்தில் சம்மட்டியின் நிழல் இடது பக்கம் விழுகிறது பாருங்கள், என் கணவரிடம் இதே சட்டை இருந்தது." வகுப்பில் சொல்வதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று. அதன்பின் யாரும் சந்தேகப்படவில்லை. டீச்சர் சொல்லிவிட்டார்.

இதே சட்டை! ஆமாம், இதேதான்.

பிறகுதான், நான் குழுவைச் சரியாகப் பார்க்காத மாதங்களில், வேறொருவர் கழுத்தைப் படம் எடுத்துப் போட, கண் என்று பெயர் வைத்தார்கள். பிறகு கதை. சாமான் தூக்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தது. பிறகு, டிரம்மர் ரத்தத்தில் தொட்டு வைத்தது. ஒருவர் பிடரியில் அதைப் பச்சை குத்திப் படம் போட்டிருக்கிறார். சரியாக அருளுக்குக் கொப்புளம் வந்த இடம். சிரிப்பு வந்தது.

அதோடு முடியவில்லை. மாலையில் ஒரு வீடியோ. ஹே.வெ. கிட்டார்க்காரர், நால்வரில் இப்போது மிச்சம் இருப்பவர். நரைத்த முடியை இன்னும் தோள்வரை விட்டிருக்கிறார். பேட்டி எடுப்பவர் அந்தக் கழுத்தின் படத்தைக் காட்டுகிறார். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். பார்த்துவிட்டு, "ஆமாம், இதை நான்தான் வரைந்தேன், நம்ம பையன்களுக்காக, ஒரு ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்து" என்கிறார்.

இந்த மனிதரின் விரலைக் கேட்டுத்தான் நான் முப்பத்தைந்து வருடம் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு ஸ்வரம் பிசகினால் பாட்டையே நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார் என்பார்கள். கோவையில் ஏதோ ஒரு விடுதிக் கிணற்றடியில் சேராங்கொட்டையில் குச்சியைத் தொட்டு ஒரு சலவைக்காரர் போட்டதை, அவர் வரைந்தேன் என்கிறார். மறதியாக இருக்கலாம். வயதாகிவிட்டது. இல்லை, மறதிக்கு இவ்வளவு விவரம் வராது. பஸ் எங்கிருந்து வந்தது?

கீழே ஆயிரக்கணக்கில் கும்பிடு, இதயம். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இன்று பாட்டு இல்லை. போட மனமில்லை.

பிப். 13, வெள்ளி

மூர்த்தி வந்தான். கூடவே அவன் மனைவி, ஒரு கூடை ஆப்பிள், மாதுளை. ஏதோ சீர் கொண்டுவந்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் சோபா நுனியில் உட்கார்ந்தார்கள். நான் காபி போட்டேன். அவன் மனைவி கூடவே சமையலறைக்கு வந்து டம்ளர் கழுவினாள்.

விஷயம்: ஒரு கன்டெய்னர் சரக்கு தயார். பத்து நாளில் கப்பல். அது வரைக்கும் டீச்சர் எதுவும் எழுதாமல் இருக்க வேண்டும். பையர் இப்போது கையை விரித்தால் முப்பது பேரை நிறுத்த வேண்டியிருக்கும்.

"அடுத்த லாட்டுல அந்தக் குறிய எடுத்துப்போடறேனுங்க டீச்சர்" என்றான்.

"குறியை எடுத்துவிட்டு மற்றதை?"

அவன் மனைவிதான் பேசினாள். "ஏனுங்க டீச்சர், எங்கயோ இருக்கற ஆளுக்காக இங்க இருக்கறவங்க வயித்துல அடிக்கலாமுங்களா?"

நல்ல கேள்வி. வகுப்பில் கேட்டிருந்தால் எழுப்பி நிற்கவைத்துப் பாராட்டியிருப்பேன். நிக்லாஸ் பணக்காரர் இல்லை, அவரும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர் என்று சொன்னேன். அதோடு, அவர் மூர்த்தியை நம்பவில்லை, பையரை நம்பவில்லை, என்னை நம்பிக் கிட்டாரை விற்கிறார் என்றேன். அவள் தலையை ஆட்டினாள், ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மூர்த்தி கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் உங்க ஸ்டூடன்டுங்க" என்றான்.

"அதனாலதான் மூர்த்தி உன்கிட்ட முதல்ல வந்தேன்."

பழக்கூடையைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஆப்பிள் இப்போது ஃப்ரிட்ஜில். திறக்கும்போதெல்லாம் தெரிகிறது.

பிப். 14, சனி

கடையில்: து.பருப்பு அரை கிலோ, சோப்பு, ஊதுபத்தி வேண்டாம் (அந்த வாசனை இப்போது பிடிக்கவில்லை), கொசுச்சுருள்.

பாண்டியம்மாளும் அங்கே. சம்பளக் கவரோடு நேராகக் கடைக்கு வந்திருந்தாள். பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது போல. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"நீங்க என்னமோ எழுதப் போறீகளாமே டீச்சரம்மா. எழுதுறதுன்னா நாளைக்கு எழுதுங்க. இந்த வாரக் கூலி இன்னைக்கு வாங்கியாச்சு."

கிண்டலா, கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. உன் வேலை போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். துணியில் குறை பார்க்கும் செக்கிங்குக்கு எங்கேயும் ஆள் கேட்கிறார்கள், ஒரு வாரம் அலைய வேண்டும், அலைவது கஷ்டம்தான் என்றாள். சின்னவள் ஸ்கூல் பஸ் காசு இருக்கிறது என்றாள். பிறகு உள்ளங்கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "மோந்து பாருங்க. டீத்தண்ணி வாடை. சோறு பிசைஞ்சாலும் இதான். வீட்டுல யாரும் இப்ப டீ குடிக்கிறதில்ல."

வரும் வழியில் நிக்லாஸ் செய்தி. கிட்டாரை விளம்பரம் போட்டுவிட்டாராம். நாளை மதியம் ஒருவர் பார்க்க வருகிறார். "உங்கள் ஒரு சொல்லுக்குக் காத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

தனியாக அவருக்கு மட்டும் "வேண்டாம்" என்று எழுதிவிட்டால்? மூர்த்தியும் பிழைப்பான். பாண்டியம்மாளும் அலைய வேண்டாம். குழுவில் என் பெயரும் அப்படியே நிற்கும். ஒரு மணி நேரம் இதே நினைப்பு. மிக வசதியான வழி. ஆனால் நான் உண்மை என்று சொன்னது நிக்லாஸிடம் மட்டும் இல்லை. எல்லோரும் படிக்கும் இடத்தில் சொன்னேன். கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டு, ஒரு பிள்ளையை மட்டும் கூப்பிட்டுக் காதில் சரியாகச் சொல்ல முடியுமா? மற்றவர்கள் அதைப் பார்த்துத்தானே எழுதிக்கொண்டு போவார்கள்.

பிப். 15, ஞாயிறு

பனி இல்லை. காலையிலேயே சுள்ளென்று வெயில்.

ஏழு மணிக்கு மூர்த்திக்குப் போன் செய்தேன். இன்று எழுதப் போகிறேன், உன் பெயரும் ஊரும் எழுத மாட்டேன், யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்றேன். பின்னால் குக்கர் விசில். "பையருக்குத் தெரிஞ்சுபோகுமுங்க" என்றான். தெரியும் என்றேன். "சரிங்க டீச்சர்" என்று வைத்துவிட்டான். 'சரிங்க' என்றது கோபமாகக்கூட இல்லை. அதுதான் உறுத்துகிறது.

வெயிலில் கட்டிலை இழுத்துப்போட்டுச் சட்டையை விரித்தேன். மூன்று படம்: முன்பக்கம், கழுத்து, முதுகு. முதுகில் ஓட்டைக்குள் கட்டிலின் நாடா தெரிகிறது. தெரியட்டும்.

தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் போடலாம்:

நண்பர்களே, போன வருடம் இங்கே நான் ஒன்றை உண்மை என்று சொன்னேன். அது தப்பு. நான் அடையாளம் கண்டது என் கணவருடைய சட்டையின் நகலை. அசல் இந்தப் படங்களில் இருப்பது. முதுகில் உள்ள வட்டம், நகல் எடுத்தவர்கள் துணியை எடை போட வெட்டியது. யார் என்று கேட்காதீர்கள். கொடுத்தது நான்.

நீங்கள் கண் என்று சொல்வது ஒரு சலவைக்காரர் போட்ட குறி. இரண்டாம் மாடி, வலது கோடி அறை என்று அர்த்தம். அவர் பெயர் எனக்குத் தெரியாது. இசைக்குழுவில் யாரும் அதை வரையவில்லை, யார் எங்கே உட்கார்ந்து வரைந்தேன் என்று சொன்னாலும். பச்சை குத்திக்கொண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பாட்டுகள் நல்ல பாட்டுகள்தான். அதில் சந்தேகம் வேண்டாம்.

நிக்லாஸ், கிட்டாரைப் பார்க்க வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மற்றவர்கள் என் சொல்லை நம்ப வேண்டாம், ஏற்கெனவே ஒருமுறை நம்பிவிட்டீர்கள். சேராங்கொட்டை நூலுக்குள் இறங்கிக் கறுக்கும், பிரிண்ட் மேலே படிந்து நிற்கும், இழுத்தால் வெடிக்கும். சட்டையின் கழுத்தை உள்பக்கமாகத் திருப்பி, குறியின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து, வட்டம் விரிசல் விடுகிறதா என்று நன்றாக இழுத்துப் பாருங்கள்.